எட்டாவது கையெழுத்து

1988ஆம் வருஷம், ஜனவரி மாதம் மூன்றாவது ஞாயிறு. மதியம் மூன்று மணிக்கு ஹாலிஸ் விடுமுறை முடிந்து வந்து சேர்ந்தான். வாசல் படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்த்தான். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "கேலன், மத்தவனுங்க எங்கடா?" என்றான். அவன் கையில் ஒரு கடிதம் இருந்தது.

மற்றவர்கள் என்றால் கிர்க்கும் மார்ட்டியும்தான். ஒரே வீட்டில் சகோதரர்களாகத் தங்கிப் படிக்கிற எங்கள் மாணவர் சங்கக் கிளையில் அப்போது மொத்தமே நாலு பேர். இருபத்தாறு கட்டில் உள்ள மூன்று மாடி வீட்டில் நாலு பேர். வாசலுக்கு மேல் சங்கத்தின் பெயராக மூன்று கிரேக்க எழுத்துகளைப் பதித்துக்கொண்டு, ஏரியைப் பார்த்தபடி நின்ற பழைய செங்கல் வீடு அது. அதே தெருவில் இருந்த மற்ற ஐந்து சங்க வீடுகளிலும் பையன்கள் பிதுங்கி வழிந்தார்கள். எங்கள் வீட்டைக் கடக்கும்போது மட்டும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது.

கடிதம் தலைமைச் சங்கத்திலிருந்து வந்திருந்தது. அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு எண்ணிப் பார்க்க ஆள் வருவார். உறுப்பினர் புத்தகத்தில் எட்டுக் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளையை மூடிவிட்டு வீட்டுச் சாவியைக் கல்லூரியிடம் கொடுத்துவிட வேண்டியது.

"ஒரு வாரத்துல நாலு பேரா?" என்றான் கிர்க். "மூணு வருஷத்துல நாம பிடிச்சது கேலன் ஒருத்தனைத்தான். அதுவும் அவன் வழி தவறி வந்தவன்."

மற்ற மூவருக்கும் அது வருத்தம். எனக்கு அது தலை போகிற விஷயம். அம்மா இறந்த மறு வருஷமே அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு, வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவுக்குப் போய்விட்டார். என் துணிமணிகளை இரண்டு அட்டைப் பெட்டிகளில் போட்டு இந்த முகவரிக்கு அனுப்பிவைத்தார். என் டிரைவிங் லைசென்ஸில் இருந்ததும் இந்த முகவரிதான். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, சமையலறை அடுப்பு ஓரத்தில் பாயை விரித்துக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். எனக்கென்று ஒரு கதவு இருந்தது.

ஆள் சேர்க்கும் பொறுப்பும் என்னுடையது.

திங்கட்கிழமை நாற்பது பேருக்கு பீன்ஸும் இறைச்சியும் போட்டுக் காரக் குழம்பு வைத்தோம். ஆறு பேர் வந்தார்கள். மூன்று பேர் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டார்கள். செவ்வாய் முழுக்க ஈ ஓட்டினோம். "ஈயாவது ஏதுடா மச்சான், இந்தக் குளிர்ல?" என்று கிர்க் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்று, வருகிறவன் போகிறவன் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கினேன். சிலர் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை வெஸ்லி வந்தான். பதினெட்டு வயசு, பால் பண்ணை வைத்திருக்கும் குடும்பம், காதுவரை சிவந்த முகம். வீட்டைச் சுற்றிக் காட்டினேன். வெந்நீர் வராத குழாயையும் மறைக்காமல் காட்டினேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அண்ணா, இங்க ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒண்ணா உக்காருவீங்களா?"

"கண்டிப்பா."

"அப்ப சரி. எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாது."

"என்னைத் தெரியும்ல? நான் பாத்துக்கறேன்டா" என்றேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை டுலூத் ஊரிலிருந்து வந்த இரட்டையர் இரண்டு பேரும் சம்மதித்தார்கள். வேறொரு சங்கத்தில் ஒருவனுக்கு மட்டும்தான் இடம் கொடுத்தார்களாம், அந்த ரோஷம். ஆக ஏழு. எட்டாவதாக ஒருவன் சனிக்கிழமை மதியம் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சத்தியம் செய்திருந்தான். நாலு மணிவரை ஜன்னலருகே நின்றேன். அவன் வேறொரு சங்கத்தின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு தெருவில் போனான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செயலாளர் அறையில் உட்கார்ந்து மேஜை இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கொட்டினேன். எதைத் தேடினேன் என்று தெரியாது. கடைசி இழுப்பறைக்கும் மேஜையின் முதுகுப் பலகைக்கும் நடுவே ஒரு உறை சிக்கியிருந்தது. ஒட்டிய உறை. உள்ளே எங்கள் சங்கத்தின் அழைப்பு அட்டை, அப்போதும் நாங்கள் அச்சடித்துக்கொண்டிருந்த அதே அட்டை. அதில் ஒரு பெயர்: ஆர்லோ விட்காம்.

வருஷம் போட்டிருக்கவில்லை. யாரோ எப்போதோ கொடுக்க நினைத்துக் கொடுக்காமல் விட்டது என்று மட்டும் புரிந்தது.

"இவன்தான் எட்டாவது ஆள்" என்று மற்ற மூவரிடமும் சொன்னேன்.

ஹாலிஸ் தலைவன். பொய்க் கணக்கு அவனுக்குப் பிடிக்காது. ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்தான். "நாளைக்கு ஆளைக் காட்டுன்னா என்னடா பண்ணுவ?"

"காய்ச்சல். மூணாவது மாடி மூலை ரூம்ல படுத்திருக்கான். ஒட்டிக்கிற காய்ச்சல்னு சொல்லிடலாம்."

கிர்க்குக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "பண்றதுதான் பண்றோம், முறையா பண்ணுவோம் மாப்ள! நம்ம வீட்டுக்கு வர்றவனை வாசல்ல வெச்சுப் பேர் சொல்லிக் கூப்பிடாம எப்படி?"

எங்கள் சங்கத்தில் அது நூறு வருஷத்து வழக்கம். அட்டை வாங்கியவன் வாசலுக்கு வெளியே நிற்பான். கதவைத் திறந்து வைத்து, அவன் முழுப் பெயரையும் உரக்கச் சொல்லி, உள்ளே வா, இது உன் வீடு என்று கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்ட பிறகு அவனை யாரும் வெளியேற்ற முடியாது. வெஸ்லிக்கும் இரட்டையருக்கும் முந்தின நாள்தான் செய்திருந்தோம்.

கிர்க் கதவை அகலத் திறந்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. படி, பாதை, அதற்கப்பால் உறைந்து கிடந்த ஏரி, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, உரக்கச் சொன்னேன்:

"ஆர்லோ விட்காம், உள்ளே வா. இது உன் வீடு."

காற்று நின்றிருந்தது. ஏரிப் பக்கம் பனிக்கட்டி ஒருமுறை நீளமாக விரிசல் விட்டது. குளிர்காலத்தில் அது அடிக்கடி கேட்கிற சத்தம்தான்.

"போதும்டா, மூடு, குளிருது" என்றான் மார்ட்டி.

உறுப்பினர் புத்தகத்தில் அவன் பெயரில் கையெழுத்துப் போடப் போனால் பேனா எழுதவில்லை. சமையலறைக்குப் போய் வேறு பேனா எடுத்து வந்தேன். வந்து பார்த்தால் எட்டாவது வரியில் கையெழுத்து இருந்தது. சாய்வான, பழைய பாணிக் கையெழுத்து. மசி இன்னும் ஈரம்.

"கிர்க், பரவாயில்லையே, அழகா போட்டிருக்கியே."

"நான் எங்கடா போட்டேன்? நீ போட்டேன்னுல்ல நெனச்சேன்."

விளையாடுகிறான் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு மூன்றரைக்கே கார்வர் சார் வந்துவிட்டார். தலைமைச் சங்கத்து ஆள், அறுபது வயசு, சட்டைப் பையில் மூன்று பேனா. ஏழு பேர் வரிசையாக நின்று கை குலுக்கினோம். அவர் புத்தகத்தைப் பார்த்தார், எங்களை எண்ணினார், மறுபடி எண்ணினார்.

"எட்டாவது ஆள் எங்கப்பா?"

"காய்ச்சல் சார்" என்றேன். "மேல படுத்திருக்கான். ஒட்டிக்கும்னு டாக்டர்..."

"நான் ராணுவத்துல இருந்தவன். எனக்கு ஒண்ணும் ஒட்டாது." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மாடி ஏறிப் போய்விட்டார்.

ஹாலிஸ் என்னைப் பார்த்த பார்வையில் நான் சுருங்கிப்போனேன். ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. மேலே கார்வர் சார் பேசுவது மங்கலாகக் கேட்டது. நடுநடுவே நிறுத்தினார்.

எதிரில் இருப்பவர் பதில் சொல்வதற்காக நிறுத்துகிற மாதிரி.

பத்து நிமிஷம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி வந்தார். "நல்ல பையன்! உங்க எல்லாரையும்விட அவனுக்குத்தான் சங்கத்து மேல பிடிப்பு அதிகம். புதுசா வந்தவங்களுக்குப் பயிற்சி எப்ப ஆரம்பிக்கும்னு கேக்கறான்." தாளில் கையெழுத்துப் போட்டு ஹாலிஸிடம் நீட்டினார். கிளை பிழைத்தது. வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "கை ஐஸா இருக்குப்பா அவனுக்கு. இன்னொரு போர்வை குடுங்க. ஈர ஷூவோட படுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் கார் தெரு முனை திரும்பியதும் நாலு பேரும் மாடிக்கு ஓடினோம். மூலை அறையில் யாரும் இல்லை. கட்டிலின் வெறும் மெத்தையில் ஒரு ஆள் நீளத்துக்கு ஈரம். தரையில் கட்டிலிலிருந்து ஜன்னல்வரை தண்ணீர்த் தடம்.

மார்ச் மாதம் பனி உருகும்போது ஏரிக்கரையில் அழுகல் வாசனை ஒன்று கிளம்பும். ஜனவரியில் அந்த வாசனை அந்த அறைக்குள் இருந்தது.

கிர்க் மட்டும், "கெழவன் தூங்கி எழுந்து உளர்றான்டா" என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை சமையலுக்கு டெல்ஃபின் அம்மா வந்தார். கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அந்த வீட்டுச் சமையலறையில் வேலை செய்கிறவர். யார் யாருக்குத் தட்டு வைக்க வேண்டும் என்று அலமாரிக் கதவில் ஒரு பட்டியல் தொங்கும். மார்ட்டி யோசிக்காமல் புத்தகத்தைப் பார்த்து எட்டுப் பெயரையும் எழுதியிருந்தான். டெல்ஃபின் அம்மா அதைப் படித்தார். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இந்தப் பேரை யார் எழுதினது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைத் திறந்து கூப்பிட்டதைச் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐம்பத்தொம்பதாம் வருஷம் தம்பி. நான் பாத்திரம் தேய்க்க வந்த புதுசு. அப்பெல்லாம் புதுப் பையனுங்களை ஏரி மேல வெறுங்காலோட நிக்க வெப்பாங்க. ஒவ்வொருத்தனா அட்டையோட போய்க் கூட்டிட்டு வருவாங்க. கூப்பிடாம வரக் கூடாது. அஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆறாவது பையனோட அட்டையை எங்கயோ வெச்சுட்டுத் தேடினாங்க. அதுக்குள்ள டிவியில மேட்ச், குடி, கூத்து. ஒருத்தன் வெளிய நிக்கறான்ங்கறதே மறந்துபோச்சு. ஐயா, போய்க் கூப்பிடுங்கன்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். பாத்திரம் தேய்க்கிறவ பேச்சை யாரு கேக்கறா? அப்புறம் பனிப்புயல் வந்துச்சு. ஏப்ரல்லதான் அந்தப் பிள்ளை கெடச்சுது."

"அவரே எழுந்து வந்திருக்கலாமே?" என்றான் கிர்க், மெதுவாக.

"கூப்பிடாம வரக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல. அந்தப் பிள்ளை சொன்ன பேச்சு கேக்கற பிள்ளை."

செவ்வாய் மதியம் வகுப்பு முடிந்து வெஸ்லி வரவில்லை. நாலு மணிக்கு இரட்டையரில் ஒருவன் ஜன்னலைப் பார்த்துக் கத்தினான்.

ஏரியின் நடுவே ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான்.

ஓடினேன். கரையில் அவனுடைய பூட்ஸ் இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டு, உள்ளே காலுறை மடித்துச் சொருகியிருந்தது. வெஸ்லி பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நின்றான். பாதம் நீலம் பாரித்திருந்தது. பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நானும் கிர்க்கும் சேர்ந்து இழுத்தோம். நட்ட கம்பம் அசையலாம், அவன் அசையவில்லை.

"வெஸ்லி, என்னடா பண்றே இங்க?"

அவன் உதடு மட்டும் அசைந்தது. "ஆர்லோ அண்ணன் நிக்கச் சொன்னார். யாராவது வந்து கூப்பிடணுமாம்."

"நான்தான் வந்திருக்கேனே!"

"கூப்பிடலையே அண்ணா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் முழுப் பெயரையும் சொல்லி, உள்ளே வா, இது உன் வீடு என்றேன். உடனே அவன் முழங்கால் மடிந்து என் மேல் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள்.

வியாழக்கிழமை இரட்டையர். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். நல்லவேளையாக டெல்ஃபின் அம்மா சீக்கிரமே பார்த்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஹாலிஸ் எல்லாரையும் கூட்டினான். வெஸ்லி கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் வைத்துக்கொண்டிருந்தான். "இவங்க வேற ரூமுக்குப் போனாலும், ஊருக்கே போனாலும், புத்தகத்துல பேர் இருக்கற வரைக்கும் அவன் கூப்பிடுவான்" என்றான் ஹாலிஸ். "அவனை நீக்க முடியாது. கூப்பிட்டு உள்ள விட்டவனை நீக்க விதியே கெடையாது. ஒரே ஒரு வழிதான். கிளையைக் கலைச்சுட்டா எல்லார் பேரும் புத்தகத்துலேர்ந்து போயிடும், அவன் பேரும் சேர்த்து. அதுக்கு எல்லாரும் ஒத்துக்கணும். சாயங்காலம் ஓட்டு."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஓட்டுக்கு முன்னால், ஐந்து மணிக்கு, தனியாக மூன்றாம் மாடிக்குப் போனேன். ஒரு போர்வையை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். மூலை அறையில் வெளிச்சம் மங்கியிருந்தது. போர்வையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, காலியான அறையைப் பார்த்து, "ஆர்லோ, அந்தப் பசங்களை விட்டுடு" என்றேன்.

எங்கோ நீர் சொட்டியது.

பிறகு என் காதுக்குப் பின்னால், மூச்சுச் சூடு இல்லாத ஒரு குரல்:

"புதுசுங்க நிக்கணும். நானும் நின்னேன்."

எனக்குத் திரும்பத் தைரியமில்லை.

"நீதானே கூப்பிட்டே?"

"ஆமா."

"இது உன் வீடுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"இப்ப பூட்டப் போறீங்களா?"

பயத்தில் எனக்குப் பல் கிட்டித்துப் போயிருந்தது. அப்பா வீட்டை விற்கிறார் என்று தெரிந்த அன்று, போனில் நான் அவரிடம் கேட்டதும் அதே கேள்விதான். கதவைச் சாத்தாமல் இறங்கி வந்துவிட்டேன்.

எங்கள் ஓட்டுப் பெட்டி மரப் பெட்டி, கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ஆளுக்கு, கோலி மாதிரி, ஒரு வெள்ளைக் குண்டும் ஒரு கறுப்புக் குண்டும். வெள்ளை என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் தீர்மானம் தோற்றுவிடும். ஹாலிஸ் முதலில் போட்டான். பெட்டி வட்டமாகக் கை மாறியது. உள்ளே குண்டு விழும்போது கட்டென்று சத்தம் கேட்கும். வெஸ்லி போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கடைசி. போட்டுவிட்டுப் பெட்டியை மேஜை நடுவில் வைத்தேன்.

ஏழு சத்தம் கேட்டிருந்தது.

யார் கையும் பெட்டியின் அருகில் இல்லை.

கட்.

மார்ட்டி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். ஹாலிஸ் பெட்டியைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தான். எட்டுக் குண்டுகள். ஆறு வெள்ளை.

இரண்டு கறுப்பு.

ஒரு கறுப்புக் குண்டைச் சுற்றி நீர் தேங்கியிருந்தது. மற்றது காய்ந்திருந்தது.

"ஒண்ணு அவனோடது" என்றான் ஹாலிஸ். "இன்னொண்ணு எவன்டா போட்டது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நானும் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

வெஸ்லி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "கேலன் அண்ணா, யாருன்னு கேளுங்க. நீங்க கேட்டா சொல்லுவாங்க. திரும்பப் போடச் சொல்லுங்க அண்ணா. யாருமே வேணாம்னு சொன்னா அவரும் விட்டுடுவாரு."

அந்தக் காய்ந்த குண்டு என்னுடையது. எப்படியும் ஆர்லோ மறுக்கத்தான் போகிறான், என் ஒன்றால் என்ன கெட்டுவிடும் என்று கைவிரல் அந்தக் கறுப்பைத் தொட்டபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஆர்லோ மறுக்காமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பயந்தேன். ஒரு பால் பண்ணைப் பையனின் கால் விரல்களைவிட எனக்கு அந்தக் கதவு பெரிதாக இருந்தது. இதை இத்தனை வருஷத்தில் இப்போதுதான் எழுதுகிறேன்.

மறுபடி ஓட்டு வைக்க ஹாலிஸுக்குத் தெம்பு இல்லை. "எவனோ நம்மளைக் காட்டிக் குடுத்துட்டான்" என்று மட்டும் சொன்னான். அன்று இரவே எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். வெஸ்லியின் அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வந்து அவனைப் பண்ணைக்கு அழைத்துப் போனார். நான் போக இடமில்லாதவன் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் ஏன் தங்குகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. போகும்போது வெஸ்லி, "தனியா இருக்காதீங்க அண்ணா, எங்க வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டான்.

சனிக்கிழமை முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிர் நாற்காலி மட்டும் ஈரமாக இருந்தது. எழுந்து வேறு இடத்துக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு போன் அடித்தது. ஒரு பெண் குரல், அழுகையில் பாதி வார்த்தை விழுங்கிப் போயிற்று.

"கேலன்தானே? நான் வெஸ்லியோட அம்மா பேசறேன். அவன் எங்க குட்டை மேல நிக்கறான்ப்பா. கால்ல போட்ட கட்டெல்லாம் அவிழ்த்துட்டு நிக்கறான். அவங்க அப்பாவும் பக்கத்துப் பண்ணை ஆளுங்களும் தூக்கிப் பாத்துட்டாங்க, நகர மாட்டேங்கறான். நான் கூப்பிட்டாலும் வரல. சங்கத்து ஆளுதான் வந்து கூப்பிடணுமாம். உன் பேரைத்தான் சொல்றான். சீக்கிரம் வாப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மூன்று மணி நேர வழி. பாதையெல்லாம் பனி. எப்படி ஓட்டினேன் என்று எனக்குத் தெரியாது. காரின் ஹீட்டரை முழுசாகத் திருகியும் உள்ளே சூடு ஏறவில்லை. போகிற வழியெல்லாம், இருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, காலில் விழுவது, எல்லாரையும் திரும்பக் கூட்டி வெள்ளைக் குண்டைப் போடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் குட்டை. வெஸ்லியின் காலைச் சுற்றிப் போர்வைகள், வெந்நீர்ப் பைகள். அவன் அம்மா அவன் காலடியில் பனிக்கட்டி மேல் மண்டியிட்டு, இரண்டு பாதங்களையும் தன் மடிக்குள் பொத்திவைத்திருந்தார். என்னைக் கண்டதும், "கூப்பிடுப்பா, கூப்பிடு!" என்று கதறினார்.

முழுப் பெயரைச் சொன்னேன். "உள்ளே வா. இது உன் வீடு."

வெஸ்லியின் தலை மெல்லத் திரும்பியது. முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அந்த இன்னொரு கறுப்பு உங்களோடதாமே அண்ணா" என்றான். "ஆர்லோ அண்ணன் சொன்னார். அவருக்கு ரொம்ப சந்தோஷம். அந்த வீட்டுல தன்னை வேணும்னு நெனச்ச ஒரே ஆள் நீங்கதானாம்."

அவன் அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு நடந்தான். வெறுங்காலோடு, தன் வீட்டு வாசலைத் தாண்டி, என் காரை நோக்கி நடந்தான். பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான்.

"வெஸ்லி, உங்க வீடு அந்தப் பக்கம்டா" என்றேன்.

"நீங்க கூப்பிட்டது அந்த வீட்டுக்குத்தானே அண்ணா?"

"சரி, முன்னாடி வந்து உக்காரு. ஹீட்டர் முன்னாடிதான் இருக்கு."

அவன் முன் சீட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"முன்னாடி ஆள் இருக்காரே."

முன் சீட்டின் துணி, முதுகு சாய்கிற இடம்வரை, நனைந்து கறுத்திருந்தது. கீழே மிதியடியில் நீர் தேங்கியிருந்தது. மூன்று மணி நேரமும் அதன் பக்கத்தில்தான் நான் ஓட்டி வந்திருக்கிறேன்.

வெஸ்லியின் அம்மா அவனுடைய பூட்ஸை எடுத்துக்கொண்டு பனியில் தடுக்கித் தடுக்கி ஓடி வந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளையை எங்கப்பா கூட்டிட்டுப் போறே?" என்று என்னைக் கேட்டார்.